யாரு கேக்குறது

எங்கள் அலுவலகத்தில் அவளுக்கு வாட்ச்மேன் என்று பட்டப்பெயர். வைத்தவள் நான்தான். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதே கண்ணாடியை மேஜை முழுக்கத் தேடுகிற ஒல்லிப் பெண்ணுக்கு இந்தப் பெயர் எப்படிப் பொருந்தும் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் சிரிப்பார்கள். அவளோடு ஒரு வேலையில் மாட்டிக்கொண்ட பிறகு சிரிக்கமாட்டார்கள்.

பெயிண்ட் கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறைகள், அதுதான் எங்கள் கம்பெனி. தின்னர் வாடை படியேறி வந்து எங்கள் சாப்பாட்டில் உட்கார்ந்துகொள்ளும். சின்ன நிறுவனங்களுக்கு வெப்சைட் செய்து கொடுப்பது எங்கள் பிழைப்பு. நான் ஸ்கிரீன் எழுதுவேன், அதாவது ஜனங்கள் கண்ணால் பார்க்கிற பக்கங்களை. அவற்றுக்குப் பின்னால் எல்லா விவரங்களையும் சேர்த்துவைக்கிற டேட்டாபேஸ் அவள் பொறுப்பு. இருவரும் ஒரே வருஷம் சேர்ந்தவர்கள், ஒரே வயது. மதியச் சாப்பாட்டை ஒரே மேஜையில் பிரித்து வைத்துத்தான் சாப்பிடுவோம்.

எங்களுக்குக் கிடைத்த பெரிய வேலை ஒரு லேப். ரத்தம், எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் எடுக்கிற, பல கிளைகள் உள்ள லேப். பரிசோதனை செய்துகொண்டவர்கள் வீட்டிலிருந்தபடியே தங்கள் ரிப்போர்ட்டைப் பார்க்க வேண்டும். மொபைல் நம்பரைப் போட்டால் அந்தப் போனுக்கு ஒரு ரகசிய எண் வரும், அதைப் போட்டால் கதவு திறக்கும். உள்ளே அவரவர் ரிப்போர்ட் மட்டும் வரிசையாக இருக்கும். நான் அந்தப் பக்கத்தை அழகாகச் செய்து முடித்து, முதலாளியிடம் காட்டுவதற்கு முன் பெருமையாக அவளைக் கூப்பிட்டேன்.

அவள் உட்கார்ந்தாள். ஒரு ரிப்போர்ட்டைத் திறந்தாள். மேலே முகவரிப் பட்டையில் அந்த ரிப்போர்ட்டின் எண் இருந்தது. கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றித் தட்டினாள். யாரோ ஒரு பெரியவருடைய சிறுநீர்ப் பரிசோதனை, பெயர் வயது விலாசத்தோடு வந்து நின்றது.

"இவரு உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள்.

"யாரு?"

"இந்த மூத்திர ரிப்போர்ட்காரரு. மாமனாரா, பெரியப்பாவா?"

எனக்கு முகம் சுண்டிவிட்டது. "லிஸ்ட்ல அவரவர் ரிப்போர்ட் மட்டும்தானே வருது. யாரு போய் நம்பரை மாத்திப் பாக்கப்போறாங்க?" என்று மழுப்பினேன்.

"லிஸ்ட்ல காட்டாம விட்டா பூட்டினதா ஆயிடுமா? கதவு தொறந்துதான் கிடக்கு. நீ வெறும் திரையைத் தொங்கவிட்டிருக்கே. எதை எடுத்துக் கொடுத்தாலும் அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி கேக்கணும். யாரு கேக்குறது? ஸ்கிரீன் சொல்ற பதிலை நம்பாதே. உள்ளே நுழையும்போது யாருன்னு தெரிஞ்சுச்சே, அவங்களோடதா இதுன்னு பாத்துட்டுத்தான் கொடுக்கணும். ஒவ்வொரு தடவையும்."

அதற்குப் பிறகு நான் எழுதிய புரோகிராம் ஒன்றையும் கேட்காமல் அவள் உள்ளே விட்டதில்லை. டேட்டாபேஸுக்குப் போகிற எல்லா வழிகளையும் அடைத்து ஒரே வாசலாக்கினாள். அந்த வாசலில் நின்று எல்லோரையும் கேட்பாள்: யாரு கேக்குறது? அடுத்தவர் ரிப்போர்ட்டைக் கேட்பவருக்கு 'அனுமதி இல்லை' என்று செய்தி காட்டலாம் என்றேன். கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றாள். "அனுமதி இல்லைன்னு சொன்னா, அப்படி ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சுபோயிடும். அப்படி எதுவுமே இல்லைன்னு சொல்லணும்." பழுது பார்ப்பதற்கென்று வைத்த பின்கதவு வழியாக எங்கள் ஆள் யாராவது உள்ளே போய்ப் பார்த்தால்கூட, யார் பார்த்தார்கள், எந்தப் பதிவைப் பார்த்தார்கள் என்று ஒரு வரி தானாக விழும். அந்த வரியை யாராலும் அழிக்க முடியாது, எழுதிய அவளாலும்தான். முதலாளி இதையெல்லாம் பார்த்து, நாம் என்ன வங்கியா நடத்துகிறோம் என்று அலுத்துக்கொண்டார். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்பதை ஒரு சாப்பாட்டு வேளையில் தெரிந்துகொண்டேன். பல குடித்தனங்கள் நெருக்கியடித்த வீட்டில் வளர்ந்தவள். அம்மா சீக்கிரம் போய்விட்டாள். அப்பா பிள்ளைகளுக்கு வந்த கடிதங்களைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். எல்லோருக்கும் பொதுவான குளியலறைக் கதவில் தாழ்ப்பாள் கிடையாது. தங்கை கொஞ்சம் வளர்ந்ததும், அவள் குளிக்கப் போகிற நேரமாகப் பார்த்து ஒரு குடித்தனக்காரனுக்கு வாளி தேவைப்பட ஆரம்பித்தது. பள்ளிக்கூடச் சீருடையில் இருந்த இவள் எங்கிருந்தோ ஒரு பெரிய ஆணியைக் கொண்டுவந்து, கல்லால் அடித்து வளைத்து, கதவின் உள்பக்கம் மாட்டினாள். அடுத்த நாள் அந்த ஆள் கதவைத் தள்ளினான், திறக்கவில்லை. "அவன் முகத்தைப் பாக்கணுமே" என்று இதைச் சொல்லும்போது சிரித்தாள். அவள் முழுசாகச் சிரித்து நான் பார்த்தது அபூர்வம்.

அந்தத் தங்கைக்குக் குட்டி என்று செல்லப்பெயர். அவளைப் படிக்கவைத்து, செருப்புக் கடையில் பில் போடுகிற வேலையில் சேர்த்து, கல்யாணமும் செய்துவைத்தது அக்காதான். தனக்கு ஒரு கல்யாணம் என்பதை அந்த அவசரத்தில் மறந்தே போனாள். மாப்பிள்ளை டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். பயந்த பொம்பளைகளுக்குக்கூட அவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார் என்று ஊரே மெச்சும். குரல் உயராத மனுஷன். எனக்கு அந்த ஆளை முதல் பார்வையிலேயே பிடிக்கவில்லை. கல்யாண மண்டபத்தில் குட்டி யாரிடம் பேசினாலும், அவளைப் பார்க்காமல், எதிரில் நின்று பேசுகிறவரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு குட்டி எங்கள் ஆபீஸ் பக்கம் வர ஆரம்பித்தாள். முதலில் சும்மா வந்தாள். அப்புறம் முழுக்கை உடுப்பு போட்டுக்கொண்டு வந்தாள். கடைசியில் ஒரு நாள் எங்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கையை மடித்துவிட்டுக் காட்டினாள். நான் பார்க்காத மாதிரி எழுந்து தண்ணீர் பிடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது அக்கா அந்த முழுக்கையை மெதுவாக இறக்கிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"வந்துடு" என்றாள் வாட்ச்மேன். "துணிமணி எதுவும் வேணாம். கட்டின துணியோட வந்துடு."

குட்டி சரியென்று தலையை ஆட்டினாள். ஆனாலும் ஒரு தயக்கம் இருந்தது. தேதி தள்ளிப்போயிருந்தது. அது என்னவென்று தெரியாமல் கிளம்ப அவளுக்குப் பயம். வீட்டுக்குப் பக்கத்து மருந்துக் கடையில் போய்க் கேட்க முடியாது, கடைக்காரர் மாப்பிள்ளையின் சிநேகிதர். வீட்டுக்குள் எதைக் கொண்டுபோனாலும் மாமியார் பையைக் கவிழ்த்துப் பார்ப்பாள். "உண்டாயிருக்கேன்னு அவருக்குத் தெரிஞ்சா என்னை வாசலைத் தாண்ட விடமாட்டாருக்கா. எனக்கு முதல்ல தெரியணும். எனக்கு மட்டும்."

"எங்க லேப்ல போய் ரத்தம் கொடு. ரிப்போர்ட் உன்னைத் தவிர ஒருத்தர் கண்ணுலயும் படாது. அதை எழுதினவ நான்."

இதைச் சொன்னபோது அவள் குரலில் இருந்த பெருமையை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. குட்டிக்கென்று ஒரு புது சிம் வாங்கி, பழைய போன் ஒன்றில் போட்டுக் கொடுத்தாள். அந்தப் போன் குட்டியின் செருப்புக் கடை மேஜை டிராயரில் இருந்தது. ரத்தம் கொடுக்கும்போது அந்த நம்பரைச் சொல்ல வேண்டும், ரிப்போர்ட்டைக் கடையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும், முடிவு எதுவானாலும் அக்கா வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று ஏற்பாடு. அக்கா வீட்டில் இன்னொரு கட்டில் வந்து இறங்கியது.

குட்டி ரத்தம் கொடுத்த மறுநாள் மத்தியானம் நாங்கள் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கும்போது அவள் போன் அடித்தது. குட்டி இல்லை, மாப்பிள்ளை. ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, நல்ல சேதி. நீங்க பெரியம்மா ஆகப்போறீங்க." அந்த மெதுவான குரல். "உங்க தங்கச்சி என்கிட்ட சொல்லவே இல்லை பாருங்க, வெக்கம் போல. என் சுகர் ரிப்போர்ட் பாக்கலாம்னு உள்ளே போனேன், கீழேயே இவளோடதும் இருக்கு. ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்கக்கா உங்க வெப்சைட்டை. இனிமே கடைக்கு அனுப்பப்போறதில்லை, உடம்பு முக்கியம் பாருங்க. ஆங், கடையில ஒரு போன் வச்சிருந்தா. அதையும் வாங்கிட்டு வந்துட்டேன்."

 போனை வைத்ததும் அவள் சாப்பாட்டை மூடினாள். கம்ப்யூட்டருக்குப் போய் உட்கார்ந்தாள். எங்கே ஓட்டை என்று சாயங்காலம்வரை தேடினாள். ஓட்டையே இல்லை. அதுதான் கொடுமை. அவள் வாசல் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டிருந்தது, சரியான பதிலும் வந்திருந்தது. மாப்பிள்ளையின் நம்பரில் இருந்த பதிவுகளை மாப்பிள்ளைக்குக் காட்டியிருந்தது.

நடந்தது இவ்வளவுதான். குட்டிக்குப் போன வருஷம் காய்ச்சல் வந்து அதே லேபில் ரத்தம் கொடுத்திருந்தாள். அழைத்துப்போனவர் புருஷன், பதிவில் இருந்தது புருஷன் நம்பர். இந்த முறை அவள் புது நம்பரைத்தான் சொன்னாள். வரவேற்பில் இருந்த பெண் பெயரையும் பிறந்த தேதியையும் தட்டியதும், 'இவர் ஏற்கெனவே இருக்கிறார், அவர்தானா?' என்று ஸ்கிரீன் கேட்டது. அந்தப் பெண் ஆமாம் என்று அழுத்தினாள். புது நம்பர் விழாமல் பழைய பதிவோடு ரிப்போர்ட் ஒட்டிக்கொண்டது. ஒரு ஆளுக்கு ரெண்டு பதிவு இருந்தால் குழப்பம் என்று லேப்காரர்கள் கேட்டதால், அப்படி ஒரு கேள்வியை வைத்தவளும் வாட்ச்மேன்தான். ஒரு குடும்பத்துக்கே ஒரு போன் நம்பர், அதுவும் ஆம்பளையுடையது என்று லேபில் பாதிப் பேர் எழுதிக் கொடுப்பார்கள் என்பது எங்கள் யார் மண்டைக்கும் ஏறவில்லை. யாரு கேக்குறது என்று அவள் ஆயிரம் தரம் கேட்டாள். யாருடையது என்பதை ஒரு மொபைல் நம்பரிடம் விட்டுவிட்டாள்.

அந்த வாரமே அதை மாற்றி எழுதினாள். ஒவ்வொரு நோயாளிக்கும் தனி எண், நம்பர் மாறினால் ரெண்டு போனுக்கும் ரகசிய எண், சந்தேகம் என்றால் சேர்க்கவே கூடாது. எல்லோருக்கும் பிரயோஜனம், குட்டியைத் தவிர. நானும் கூடப் போய் ரெண்டு மூன்று தடவை அந்த வீட்டுக் கதவைத் தட்டினேன். தூங்குகிறாள், குளிக்கிறாள், கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்று மாமியார் ஏதாவது சொல்லி அனுப்புவாள். போன் போட்டால் மாப்பிள்ளை எடுப்பார், நன்றாக இருக்கிறாள் என்பார்.

வாட்ச்மேன் மெலிந்துபோனாள். வேலையில் குறை வைக்கவில்லை. ஆனால் சில நேரம் கீபோர்டில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். அவள் மனசில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். கர்ப்பமான பெண்ணை எப்படியும் பரிசோதனைக்கு அழைத்துப்போவார்கள், அதே லேபுக்குத்தான் போவார்கள். தங்கை உயிரோடு இருக்கிறாளா, எப்படி இருக்கிறாள் என்பதற்கான பதில் ஒரு வரி தட்டினால் அவள் முன்னால் வந்து நிற்கும். பழுது பார்க்க வைத்த அந்தப் பின்கதவுக்குச் சாவி உள்ளவள் அவள் ஒருத்திதான்.

"பாத்துடேன்" என்றேன் ஒரு நாள், பொறுக்கமுடியாமல். "உன் தங்கச்சிதானே."

"என்னோடது இல்லையே" என்றாள்.

பல மாதம் அப்படியே பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு காலையில் நான் வந்தபோது அவள் ஸ்கிரீனில் குட்டியின் பதிவு திறந்திருந்தது. நான் அவள் பின்னால் நின்று படித்தேன். ஒரே நாளில் ரெண்டு பதிவு. எக்ஸ்ரே: இடது மணிக்கட்டு எலும்பு முறிவு. கீழே ஸ்கேன்: சிசுவின் இதயத் துடிப்பு காணப்படவில்லை.

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "கூட வர்றியா?" என்று மட்டும் கேட்டாள்.

போலீஸ் ஸ்டேஷனில் ஒரு பெண் சப்-இன்ஸ்பெக்டர் பொறுமையாகத்தான் கேட்டார். "இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டபோது, நான் அவள் காலை மேஜைக்கு அடியில் மிதித்தேன், அக்கம்பக்கத்தில் சொன்னார்கள் என்று சொல்லட்டும் என்று. அவள் உள்ளதை உள்ளபடி சொன்னாள். சப்-இன்ஸ்பெக்டர் பேனாவை வைத்துவிட்டு அவளை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் ஜீப்பை எடுத்துக்கொண்டு எங்களோடு வந்தார். நல்ல மனுஷி.

மாப்பிள்ளை கதவைத் திறந்தார். போலீஸைப் பார்த்தும் குரல் மாறவில்லை. "அவ இங்க இல்லையே மேடம். அவங்க சித்தி வீட்டுக்குப் போயிருக்கா." குட்டியின் செருப்பு வாசலிலேயே கிடந்தது, அவள் வேலை பார்த்த கடையில் வாங்கிய நீல வார் செருப்பு. அவளுக்குச் சித்தியே கிடையாது. சப்-இன்ஸ்பெக்டர் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்க் கூப்பிட்டார். குட்டி வந்தாள். கையில் மாவுக்கட்டு. முகத்தில் ஒன்றுமே இல்லை, துடைத்துவைத்த பலகை மாதிரி.

"படியில விழுந்துட்டேன் மேடம்."

"பயப்படாதேம்மா. உங்க அக்கா வந்திருக்காங்க. இப்பவே கூட்டிட்டுப் போறோம்."

"நான் நல்லாத்தான் இருக்கேன். படியில விழுந்தேன்."

"குட்டி" என்றாள் வாட்ச்மேன். "ஸ்கேனைப் பாத்தேன்டி. எனக்கு எல்லாம் தெரியும். வாடி, வந்துடு."

அப்போதுதான் குட்டி அக்காவை நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவு நேரம் செத்துக் கிடந்த முகத்தில் கோபம் ஏறியது. அடுத்து அவள் சொன்னது புருஷனுக்குப் பயந்து சொன்ன பேச்சு இல்லை. நான் பக்கத்தில் நின்றேன், எனக்குத் தெரியும்.

"யாரைக் கேட்டுப் பாத்தே?"

வாட்ச்மேன் நீட்டியிருந்த கையை இழுத்துக்கொண்டாள். 

"உன்னை நம்பித்தானே ரத்தம் கொடுத்தேன். எனக்கு மட்டும்னு சொன்னே. முதல்ல அவருக்குக் காட்டினே. இப்ப நீ பாக்குறே. நாளைக்கு இன்னும் யாரு? அதையாவது நானே உன்கிட்ட சொல்லியிருப்பேன்க்கா. என்னைக்காவது சொல்லியிருப்பேன்." குட்டி உள்ளே திரும்பி நடந்தாள். மாப்பிள்ளை எங்களைப் பார்த்து, பாடம் சரியாக வராத ஒருத்தருக்குச் சொல்வது போல, "பாத்துப் போங்கக்கா" என்றார். கதவைச் சாத்தினார். அவள் தானாக வந்தால்தான் தன்னால் ஏதாவது செய்ய முடியும் என்று சப்-இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வரும்போது சொன்னார்.

மாப்பிள்ளை சும்மா இருக்கவில்லை. என் மனைவியின் அந்தரங்க ரிப்போர்ட்டை உங்கள் ஆள் பார்த்து போலீஸ்வரை போய்ச் சொல்லியிருக்கிறார் என்று லேபுக்கு எழுதிப் போட்டார். சட்டப்படி பார்த்தால் அவர் சொன்னதில் ஒரு எழுத்து பொய் இல்லை, அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. லேப்காரர்கள் முதலாளியைக் கேட்டார்கள். முதலாளி கதவைச் சாத்திவிட்டு எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"அந்த ஒரு வரியை எடுத்துட முடியாதா?" என்றார் தாழ்ந்த குரலில். "நீ பாத்ததா பதிவாயிருக்கே, அது மட்டும். நான் எதுவும் கேக்கலை, நீ எதுவும் சொல்லலை."

"எடுக்க முடியாது சார். முடியாதபடிதான் எழுதியிருக்கேன்" என்றாள் அவள். அன்றைக்கே பின்கதவுச் சாவியை என்னிடம் ஒப்படைத்துவிட்டு வேலையை விட்டுப் போனாள். அவளுடைய கண்ணாடி டிராயரிலேயே கிடந்தது. நான்தான் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். குட்டிக்கு வாங்கிய அந்தக் கட்டில் பிரிக்கப்படாத பிளாஸ்டிக் உறையோடு சுவரோரம் இருந்தது.

அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை. பழைய இடத்தை ஏன் விட்டீர்கள் என்று கேட்பார்கள், இவள் உள்ளதைச் சொல்லுவாள். இப்போது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் நிற்கிறாள். அங்கேயும் வாட்ச்மேன் வேலைதான். யாராவது சான்றிதழையோ மருத்துவச் சீட்டையோ நீட்டினால், எழுத்து தெரியாதபடி உடனே கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு மெஷினில் வைப்பாள். கடைக்காரர் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

அவள் உட்கார்ந்த இடத்தில் இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன். பின்கதவுச் சாவி என்னிடம் இருக்கிறது. அந்த வீட்டிலிருந்து ஒரு சேதியும் இல்லை. குட்டி இருக்கிறாளா, கை எலும்பு கூடிவிட்டதா, வேறு எதுவும் உடைந்ததா, ஒன்றும் தெரியாது. ஒரு வரி தட்டினால் எனக்குத் தெரிந்துவிடும். என் பெயர் பதிவாகும், வேலை போகும், போகட்டும் என்று துணிந்துதான் போன வாரம் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்.

கூட்டம் குறைகிறவரை நின்றேன். பிறகு மேஜைமேல் குனிந்து சொன்னேன். "நீ ஒரு வார்த்தை சொல்லு. நான் பாத்துச் சொல்றேன். நீ கேட்டா போதும்."

அவள் மெஷின் மூடியைத் திறந்து யாருடைய தாளையோ எடுத்தாள். கவிழ்த்தபடியே மடித்து ஓரமாக வைத்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் ஆபீஸில் என் புரோகிராமைத் திருப்பி அனுப்புகிற அதே குரல்.

"அவ கேக்கலையே" என்றாள்.